துடுப்புப் படகில் எடை வரம்பு

துடுப்புப் படகுப் போட்டியில் உடல் எடை இரண்டு விதமாக வேலை செய்கிறது. துடுப்பு வலிப்பவரின் எடையில் கணிசமான பங்கு தசை. படகை ஓட்டுவதே அதுதான். சுக்கான் பிடிக்கும் காக்ஸின் எடையோ வெறும் சுமை. அதனால் விதியும் எதிரெதிராக அமைந்தது: காக்ஸுக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது, லைட்வெயிட் பிரிவில் வலிப்பவருக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது.

காக்ஸுக்கு வரம்பு ஏன் தேவைப்பட்டது என்பதை 1900 பாரிஸ் ஒலிம்பிக் காட்டுகிறது. நெதர்லாந்தின் பிராண்ட், கிளைன் ஜோடி தகுதிச் சுற்றில் பிரெஞ்சுப் படகுக்குப் பின்னால் வந்தது. அவர்களுக்குச் சுக்கான் பிடித்த ஹெர்மானுஸ் பிராக்மன் ஏறக்குறைய 60 கிலோ. இறுதிப் போட்டிக்கு அவரை இறக்கிவிட்டு, சுமார் 33 கிலோ எடையுள்ள ஒரு உள்ளூர்ச் சிறுவனை ஏற்றிக்கொண்டார்கள். தங்கமும் கிடைத்தது. சிறுவனின் பெயரை மட்டும் அன்று யாரும் குறித்து வைக்கவில்லை.

வலிப்பவர்களின் கதை வேறு. ஓட்டப்பந்தயத்தில் கனத்த உடலைக் கால்கள் சுமக்க வேண்டும். படகில் அதைத் தண்ணீர் சுமக்கிறது. எடை கூடினால் படகு சற்றே அமிழும், நீரின் தடையும் கொஞ்சம் கூடும். ஆனால் பெரிய நுரையீரலும் நீண்ட கைகால்களும் தரும் வலு அந்த இழப்பை ஈடுகட்டி மிஞ்சும். 2014 ஆம்ஸ்டர்டாம் உலகப் போட்டியில் எடை வரம்பில்லாத இரட்டையர் ஸ்கல்ஸ் பந்தயத்தை குரோவேஷியாவின் சின்கோவிச் சகோதரர்கள் 5 நிமிடம் 59.72 விநாடியில் முடித்தார்கள். அதே போட்டியில் லைட்வெயிட் இரட்டையரை வென்ற தென்னாப்பிரிக்கர்களுக்கு 6 நிமிடம் 5.36 விநாடி ஆனது. ஆறு விநாடிகூட இல்லைதான். ஆனால் 2,000 மீட்டர் பந்தயத்தில் அது ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது மூன்று படகு நீளம்.

ஒல்லியானவர்களுக்குத் தனிப் படகு என்ற வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அமெரிக்கக் கல்லூரிகளில் தோன்றியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் அதன் பயிற்சியாளர் ஜோ ரைட்டும் அதில் முன்னோடிகள். 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, அப்போதைய கணக்கு. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீசா 1974இல் லூசெர்னில் ஆண்களுக்கும், 1985இல் ஹேசவிங்கலில் பெண்களுக்கும் உலகப் போட்டியில் இந்தப் பிரிவைச் சேர்த்தது. ஆண்களுக்கு 72.5 கிலோ உச்சம், அணியின் சராசரி 70. பெண்களுக்கு 59, சராசரி 57. குத்துச்சண்டையில் பல படிகள் உண்டு. இங்கே ஒரே ஒரு கோடுதான்.

பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் முன்பு வரைக்குள் எடை மேடையில் ஏறியாக வேண்டும். கனத்த ஸ்வெட்டரை அடுக்கிப் போட்டு ஓடி வியர்வை சிந்தி வருவார்கள். எடை பார்த்த கையோடு தண்ணீரும் உப்பும் சோறும் உள்ளே போகும். சராசரியில் கொஞ்சம் கூடினால், யார் இன்னும் அரைக் கிலோவை விடுவது என்பது அணிக்குள் ஒரு பேச்சுவார்த்தை.

உயரமும் பருமனும் குறைந்த மக்களுள்ள நாடுகளும் மேடையேறட்டும் என்பது ஃபீசா சொன்ன நோக்கம். 1996 அட்லாண்டாவில் மூன்று லைட்வெயிட் போட்டிகள் ஒலிம்பிக்கில் நுழைந்தன. அதிலிருந்து 2024 வரை வழங்கப்பட்ட தங்கங்கள் 22. அவற்றில் ஐரோப்பாவுக்கு வெளியே போனது ஒன்றே ஒன்று: 2012இல் தென்னாப்பிரிக்காவின் நால்வர் அணிக்கு. டென்மார்க்கின் நால்வர் மட்டும் மூன்று முறை தங்கம் வென்றார்கள். ஆசியாவுக்கு ஒன்றும் இல்லை. உயரமான ஐரோப்பியர்களே உடம்பை வற்றவைத்து இந்த வரம்புக்குள் வந்துவிட்டார்கள் என்பதே உண்மை. இருந்தும் வாசல் திறக்காமல் இல்லை: டோக்கியோவில் இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் இணை இந்தப் பிரிவில்தான் 11ஆம் இடம் பிடித்தது.

ஆண், பெண் போட்டிகளைச் சமமாக்கும் மாற்றத்தில் 2016க்குப் பிறகு நால்வர் போட்டி போனது. சண்டை விளையாட்டுகளுக்கும் பளுதூக்கலுக்கும் அப்பால் எடைப் பிரிவு வேண்டாம் என்ற ஒலிம்பிக் குழுவின் போக்கில் மிச்சமும் கரைந்தது. 2024 பாரிஸில் அயர்லாந்தின் ஆண்களும் பிரிட்டனின் பெண்களும் கடைசித் தங்கங்களை எடுத்துப் போனார்கள். 2028இல் அந்த இடம் கடற்கரைப் படகோட்டத்துக்கு.

எட்டுப் பேர் படகின் காக்ஸுக்கு உள்ள 55 கிலோ விதி மட்டும் அப்படியே இருக்கிறது. எடை குறைந்தால், குறையும் அளவுக்கு மணல் மூட்டை காக்ஸுக்குப் பக்கத்தில் ஏறும்.