மதிலுக்கு உள்ளும் புறமும்

வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையோரத்தில் கான்வி, கெர்னார்வன், பியூமாரிஸ், ஹார்லெக் என நான்கு கோட்டைகள் இருக்கின்றன. குழுவாகப் பேருந்தில் சென்றால் இரண்டு மூன்று நாட்களில் நான்கையும் பார்த்துவிடலாம். வழிகாட்டியின் பின்னே நடப்பவர்களுக்குக் கோபுரங்களின் உயரமும், சுவர்களின் கனமும், அம்பெய்யும் பிளவுகளின் கோணமும் விளக்கப்படும். சரியான தகவல்கள்தாம். ஆனால் 1986இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, மன்னர் எட்வர்டின் கோட்டைகளும் நகர மதில்களும் என்றே பெயரிட்டது. சுற்றுலாக்கள் அவசரமாகக் கடந்துபோவது அந்த இரண்டாம் பாதியைத்தான். பார்ப்பதை அங்கிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம்.

1282 டிசம்பரில் வேல்ஸின் இளவரசன் லெவெலின் போரில் கொல்லப்பட்டான். அவன் தம்பி தாவித் மறு ஆண்டு பிடிபட்டு, ஷ்ரூஸ்பரியில் கொடூரமான முறையில் கொல்லப்பட்டான். வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு, ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற கட்டடக் கலைஞனிடம் பணியை ஒப்படைத்தான். 1283இல் கான்வி, கெர்னார்வன், ஹார்லெக் மூன்றிலும் ஒரே சமயத்தில் வேலை தொடங்கியது.

கான்விக்கு மன்னன் தேர்ந்தெடுத்த இடம் வெற்று நிலமன்று. அங்கே சிஸ்டெர்சியத் துறவிகளின் மடம் இருந்தது. கொல்லப்பட்ட லெவெலினின் பாட்டனார், 'பெரிய லெவெலின்' என்று போற்றப்படுபவர், 1240இல் இறந்து அந்த மடத்தில்தான் அடக்கமாகியிருந்தார். எட்வர்டு துறவிகளை ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மேனன் என்னும் ஊருக்குக் குடிபெயர்த்தான். மடத்தின் கோயில் புதிய நகரத்தின் ஆலயமாயிற்று. இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. வேல்ஸ் இளவரசர்களின் மண்டபம் ஒன்றின் சுவர் நகர மதிலோடு சேர்த்துக் கட்டப்பட்டது. மதிலின் ஓரிடத்தில் மட்டும் பொருத்தமில்லாமல் சன்னல்கள் தெரியும். தோற்றவனின் வீடு வென்றவனின் சுவருக்குள் அப்படியே செருகப்பட்டிருக்கிறது.

அந்த மதிலின் நீளம் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். 21 கோபுரங்கள், மூன்று வாயில்கள். தெற்குப் பக்கத்தில் பன்னிரண்டு கழிப்பிடங்கள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரசு அலுவலர்களின் வசதிக்காகக் கட்டியவை. புகைப்படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. அதைக் குறை சொல்லவில்லை, வரலாற்றில் கழிப்பிடங்களுக்கும் இடமுண்டு. ஆனால் மதிலுக்குள் யார் வாழ்ந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

அங்கு வாழ்ந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அழைத்துவரப்பட்ட குடியேறிகள். கோட்டையும் நகரமும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள். குடிகளைக் கோட்டை காத்தது. கோட்டைக்கு வேண்டிய பொருளையும் ஆளையும் நகரம் தந்தது. கோட்டைத் தளபதியே நகரத் தலைவராகவும் இருந்தார். சுற்றுவட்டாரத்து மக்கள் தம் பொருள்களை இந்த நகரச் சந்தைகளில்தான் விற்க வேண்டும். நகருக்குள் மனை வாங்கவோ, ஆயுதத்தோடு நுழையவோ கூடாது. காலப்போக்கில் நடைமுறை சற்றே தளர்ந்ததுண்டு. ஆனால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவைன் கிளிண்டூர் கிளர்ந்தெழுந்ததும், அத்தடைகள் மீண்டும் சட்டமாக எழுதப்பட்டன.

கெர்னார்வனில் எட்வர்டின் நோக்கம் வேறு உயரத்துக்குப் போகிறது. மற்ற கோட்டைகளின் உருண்டைக் கோபுரங்கள் இங்கே இல்லை. பல முகக் கோபுரங்கள், சுவரில் வண்ணக் கல் பட்டைகள். கான்ஸ்டான்டிநோபிளின் மதில்களை நினைவூட்டவே இப்படிக் கட்டினார்கள் என்று வரலாற்றறிஞர் ஆர்னால்டு டெய்லர் வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்பதில்லை. அருகிலேயே பழைய ரோமானியக் கோட்டை ஒன்று இருந்ததும், ரோமப் பேரரசன் ஒருவன் கனவில் கண்ட பெண்ணைத் தேடி இக்கரைக்கு வந்ததாக வேல்ஸில் ஒரு கதை வழங்கியதும் உண்மை. மண்ணை மட்டுமன்றி அந்த மக்களின் கதையையும் கைப்பற்ற நினைத்த மன்னன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலம் பேசாத இளவரசனைத் தருவதாக வாக்களித்து, கெர்னார்வனில் பிறந்த தன் பச்சிளங்குழந்தையை எட்வர்டு மக்கள்முன் தூக்கிக் காட்டினான் என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். அக்கதை முதன்முதலில் எழுத்தில் வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். குழந்தை பிறந்தது 1284இல்; வேல்ஸ் இளவரசன் என்ற பட்டம் கிடைத்தது 1301இல். அந்தப் பட்டம் இங்கிலாந்து அரியணை வாரிசுக்குரியதானது அவ்வாறுதான்.

அதைவிட அழுத்தமான செய்தி 1294இல் நடந்தது. மாடாக் என்பவன் தலைமையில் மக்கள் எழுந்து கெர்னார்வனுக்குள் புகுந்தார்கள், மதிலை இடித்தார்கள், முடியாதிருந்த கோட்டையையும் பிடித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எட்வர்டே கான்விக் கோட்டைக்குள் முடங்கிக் கிடக்க நேர்ந்தது. கிளர்ச்சி ஒடுங்கிய 1295இல் மோன் தீவில் பியூமாரிஸ் கோட்டை தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மாஸ்டர் ஜேம்ஸ் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதத்தில் 400 கொத்தர்கள், 2000 கூலியாட்கள், 200 கல் உடைப்போர் என்று கணக்குக் காட்டிப் பணம் கேட்கிறார். பணம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போயிற்று. வடிவ ஒழுங்கில் நான்கிலும் நிறைவானதாகச் சொல்லப்படும் பியூமாரிஸ் முழு உயரத்தை எட்டவே இல்லை.

அங்கு போகும் குழுக்களிடம் லான்வைஸ் என்ற பெயரைச் சொல்ல வேண்டும். பியூமாரிஸுக்குப் பக்கத்தில் செழித்திருந்த வேல்ஸ் துறைமுக ஊர் அது. புதிய நகருக்குப் போட்டியாக இருக்கலாகாது என்று அதன் மக்கள் தீவின் மறுகோடிக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். அவர்கள் குடியேறிய இடம் நியூபரோ, அதாவது புதுநகர். 1303இல் சாசனம் பெற்றது.

ஹார்லெக்கைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. பாறைமீது அது நிற்கும் அழகு சொல்லாமலே விளங்கும். 1404இல் ஓவைன் கிளிண்டூர் அதைப் பிடித்து, 1409 வரை தன் இருக்கையாக வைத்திருந்தான் என்பது மட்டும் போதும்.

கான்வி விழுந்த விதம் விசித்திரமானது. 1401ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று காவலர்கள் ஆலயத்தில் இருந்த வேளையில், டுடுர் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் சிறு கூட்டத்தோடு கோட்டைக்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் பேரம் நடந்தது. முடிவில் தங்களுக்கு மன்னிப்புப் பெற்றுக்கொண்டு, உடனிருந்தவர்களில் ஒன்பது பேரை மன்னனிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஒன்பது பேரும் கொல்லப்பட்டார்கள். இச்சகோதரர்களின் உடன்பிறந்தான் ஒருவனுடைய கொள்ளுப்பேரன்தான் 1485இல் ஏழாம் ஹென்றியாக இங்கிலாந்து அரியணை ஏறியவன்.

இவையெல்லாம் ஆறிப்போன பழங்கதைகள் என்று நினைத்துவிட முடியாது. 2017இல் பிளின்ட் கோட்டையருகே மாபெரும் இரும்பு வளையச் சிற்பம் ஒன்றை நிறுவும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எட்வர்டின் கோட்டை வரிசையை 'இரும்பு வளையம்' என்றழைப்பது வழக்கம். எங்கள் அடிமைத்தனத்துக்கு எங்கள் செலவில் சிலையா என்று மக்கள் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. எந்தக் கெர்னார்வனில் வேல்ஸ்காரன் மனை வாங்கக் கூடாதென்றிருந்ததோ, அந்நகரில் இன்று நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வேல்ஸ் மொழி பேசுபவர்கள். மதிலுக்குள்ளிருக்கும் கடைகளில் காதில் விழுவது அந்த மொழிதான்.

பியூமாரிஸ் போனால் கோட்டையோடு திரும்பிவிடாமல் ஊரின் ஆலயத்துக்கும் போகலாம். வாயில் முகப்பில் ஒரு கல் சவப்பெட்டி இருக்கிறது. பெரிய லெவெலினின் மனைவி ஜோனுடையது என்பார்கள். ஜான் மன்னனின் மகள். எட்வர்டுக்கு அத்தை முறை. 1237இல் இறந்த அவளை லான்வைஸில் அடக்கம் செய்து, அவ்விடத்தில் பிரான்சிஸ்கன் மடம் ஒன்றைக் கணவன் எழுப்பினான். 16ஆம் நூற்றாண்டில் மடங்கள் கலைக்கப்பட்டன. சவப்பெட்டி வெளியே வந்தது. பிறகு வெகுகாலம் அது குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாகப் பயன்பட்டது.