விதிநூலிலிருந்து நிரலுக்கு: கடற்போர்ப் பலகை விளையாட்டுகளின் கணிப்பொறி வடிவங்கள்

1. தோற்றுவாய்

சதுரங்கப் பலகையின் மூலையில் நிற்கும் காய்க்கு இந்திய மொழிகளில் ஒரே பெயர் இல்லை. தமிழில் அதனை யானை என்பாரும் கோட்டை என்பாரும் உளர். வங்காளத்தில் அது நௌகா, அதாவது படகு. உருசிய மொழியில் அதற்கு வழங்கும் லாத்யா என்னும் பெயரும் படகையே குறிக்கும். பெயர் எதுவாயினும் அக்காய் நேர்கோட்டிலேயே செல்கிறது. விளையாட்டு ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயரும்போது பெயர் மாறினும் விதி நிலைபெறும் என்பதற்கு இஃது எளிய சான்றாகும்.

இதற்கு நேர்மாறான பெயர்ச்சி ஒன்று 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அட்டைப் பலகையில் ஆடப்பட்டு வந்த கடற்போர் விளையாட்டுகள் வீட்டுக் கணிப்பொறிகளுக்குச் சென்றன. பிஸ்மார்க், மிட்வே முதலிய பெயர்கள் அப்படியே நின்றன. விதிகளோ வாசகரின் கண்ணிலிருந்து மறைந்தன. இப்பெயர்ச்சியை ஒருவகை மொழிபெயர்ப்பாகக் கொண்டு, அதில் எவை மாறாமல் கடந்தன, எவை உருமாறின, எவை இழக்கப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கைத்திறனும் கண்மதிப்பும்

கடற்போர் விளையாட்டு தொடக்கத்தில் தொழில்முறைப் பயிற்சியோடு தொடர்புடையது. 1884இல் ரோட் ஐலண்டு மாநிலத்து நியூபோர்ட்டில் நிறுவப்பெற்ற அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரியில், அப்பத்தாண்டின் இறுதியிலேயே வில்லியம் மெக்கார்ட்டி லிட்டில் போர் விளையாட்டைப் பாடமாக அறிமுகப்படுத்தினார். இங்கிலாந்தில் ஃபிரெட் டி. ஜேன் 1898இல் உலகப் போர்க்கப்பல்கள் பற்றிய தம் கையேட்டை வெளியிட்டார். அதே காலத்தில் அவர் வகுத்த விளையாட்டில், கப்பலின் வரைபடம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். முள் பொருத்திய தட்டால் அவ்வரைபடத்தின்மீது அடிப்பர். முள் எக்கட்டத்தில் பதிந்ததோ அப்பகுதி சேதமுற்றதாகக் கொள்ளப்படும். குண்டு இலக்கைத் தாக்குமா என்பது ஆடுவோரின் கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது.

அமெரிக்க எழுத்தாளரும் வரலாற்றாசிரியருமான ஃபிளெட்சர் பிராட் 1940இல் வெளியிட்ட விதிகளில் இத்திறன் கண்மதிப்பாக மாறியது. கூடத்தின் தரையில் மாதிரிக் கப்பல்கள் நிறுத்தப்படும். சுடுபவர் குறுக்கே கிடக்கும் தொலைவை அளக்காமல் கண்ணால் மதிப்பிட்டு, திசையையும் அங்குலக் கணக்கையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பின்னரே அளவுநாடா விரிக்கப்படும். உண்மையான பீரங்கி அதிகாரி எதிர்கொண்ட இடர்ப்பாடு ஆடுபவருக்கும் நேர்ந்தது.

இவ்விரு விளையாட்டுகளிலும் விதி என்பது பாதியளவே எழுத்தில் இருந்தது. எஞ்சிய பாதி கையிலும் கண்ணிலும் இருந்தது.

3. விதிநூலின் நடை

சார்லஸ் எஸ். ராபர்ட்ஸ் என்பார் 1958இல் பால்டிமோரில் அவலான் ஹில் என்னும் பெயரில் விளையாட்டு நிறுவனத்தை நடத்தத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. பெட்டியிலடைத்து விற்கப்பட்ட அவ்விளையாட்டுகளில் பிஸ்மார்க் 1962இலும் மிட்வே 1964இலும் ஜட்லாண்ட் 1967இலும் வெளிவந்தன. பெட்டியை வாங்கியவருக்குக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இலர். விதிநூல் ஒன்றே துணை. ஆகவே, விதி முழுவதும் எழுத்தில் அமைய வேண்டியதாயிற்று. ஜட்லாண்டை வடிவமைத்த ஜேம்ஸ் டன்னிகன் 1969இல் நியூயார்க்கில் தொடங்கிய எஸ்.பி.ஐ. நிறுவனம், 5.1, 5.11 என்றவாறு விதிகளுக்கு எண்ணிட்டு, அவற்றைச் சட்டவரைவின் வடிவுக்குக் கொண்டுவந்தது.

இவ்விதிநூல்களின் வினைமுடிபுகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். தமிழில் கூறுவதாயின் அவை ‘-லாம்’, ‘வேண்டும்’, ‘கூடாது’ என்பனவாம். கப்பல் தன் வேக எல்லைக்குள் எத்தனை கட்டமும் செல்லலாம். கேட்ட கேள்விக்கு உண்மையை விடையாகக் கூற வேண்டும். நிலப்பகுதிக் கட்டத்தில் நுழையக் கூடாது. இம்மூன்றையும் படித்துப் பொருள்கொண்டு செயற்படுத்துபவர் ஆடுபவரே. அவரே வாசகர்; அவரே கணக்கர்; அவரே காவலர்.

பொருள்கோளில் ஐயம் எழுவது இயல்பு. அவலான் ஹில் நிறுவனம் 1964 முதல் வெளியிட்ட ‘ஜெனரல்’ என்னும் இதழில் விதிகள் பற்றிய வாசகர் ஐயங்களுக்கு விடைகள் அச்சாயின. நூற்பாவும் அதன்மேல் உரையும் என நாம் அறிந்துள்ள அமைப்பே இது. விடையில் மனநிறைவு கொள்ளாதவர்கள் தமக்கெனத் தனிவிதி வகுத்துக்கொண்டு ஆடினர். விதிநூல் அதற்கு இடம் தந்தது.

4. தேடலும் பேச்சும்

கடற்போருக்கும் தரைப்போருக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, கடலில் பகைவரைக் கண்டுபிடிப்பதே பாதிப்போர் என்பதாகும். 1941 மே மாதத்தில் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க் வட அட்லாண்டிக்கில் நுழைந்து, மே 24இல் பிரிட்டனின் ஹூட் கப்பலை மூழ்கடித்தது. பின்னர் அது பிரிட்டிஷ் படையின் தொடர்பிலிருந்து நழுவியது. மீண்டும் காணப்பட்டு மே 27இல் அழிந்தது. 1942 ஜூனில் நிகழ்ந்த மிட்வே போரிலும் விமானந்தாங்கிக் கப்பல்களை முதலில் கண்டறிவதே முடிவைத் தீர்மானிப்பதாக இருந்தது.

பலகையோ இருவர் கண்ணுக்கும் திறந்து கிடப்பது. அதில் மறைவை உண்டாக்க, இருவருக்கும் தனித்தனித் தேடல் வரைபடம் தந்து இடையே தடுப்பு வைத்தனர். தேடுபவர் ஒரு கட்டத்தின் பெயரை வாய்விட்டுக் கூறுவார். அங்குத் தம் கப்பல் இருப்பின் எதிராளி அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். விளையாட்டின் உயிர்நாடி இந்த உரையாடலில் இருந்தது.

மொழியியலார் இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. கேள்வியே ஒரு செய்தியாகிவிடுகிறது. வடபகுதிக் கட்டங்களையே ஒருவர் மீண்டும் மீண்டும் கேட்பாராயின், அவர் எதனை அஞ்சுகிறார் என்பதை எதிராளி உணர்ந்துகொள்வார். தாம் அறிந்த ஒன்றை அறியாதவர்போல் வேறிடத்தைக் கேட்டு ஏமாற்றவும் இயலும். விடையில் பொய் கூடாது. கேள்வியில் பாசாங்கு கூடும். இந்த நுட்பம் விதிநூலில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட விதிகள் இரண்டின் சேர்க்கையால் அது தானே விளைந்தது.

5. நிரலாகிய விதி

1977இல் ஆப்பிள்-2, காமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்று கணிப்பொறிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 1980இல் அவலான் ஹில் நிறுவனமே இத்தகைய பொறிகளுக்கென விளையாட்டுகளை வெளியிடத் தொடங்கியது. முதல் ஐந்தனுள் ‘மிட்வே கேம்பெயின்’, ‘நார்த் அட்லாண்டிக் கான்வாய் ரெய்டர்’ ஆகிய இரண்டும் கடற்போர் பற்றியவை. அதே ஆண்டில், 1979இல் ஜோயல் பில்லிங்ஸ் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ என்னும் தன் முதல் விளையாட்டை வெளியிட்டது. அதனை ஜான் லயனும் பில்லிங்ஸும் பேசிக் மொழியில் எழுதினர்.

அக்காலப் பொறிகளின் எல்லை மிகக் குறுகியது. டி.ஆர்.எஸ்.-80இன் திரையில் வரிக்கு 64 எழுத்தாக 16 வரிகளே அடங்கும். நினைவகம் பெரும்பாலும் 16 முதல் 48 கிலோபைட்டு வரையே இருந்தது. ஆதலின் ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ கடல் வரைபடத்தில் கப்பல்களும் துறைமுகங்களும் ஒற்றை எழுத்துகளால் குறிக்கப்பட்டன. அட்டைச் சில்லில் கப்பலின் உருவமும் பெயரும் எண்களும் ஒருங்கே இருந்தன. திரையில் ஓர் எழுத்தே அனைத்துக்கும் நின்றது.

இப்பெயர்ச்சியில் மேற்குறித்த மூவகை முடிபுகளும் மூன்று விதமாக மாறின. ‘-லாம்’ என்பது திரையில் தோன்றும் வினாவாயிற்று: இக்கப்பலை நகர்த்துகிறீரா என்று பொறி கேட்டது. ‘வேண்டும்’ என்பது அமைதியாயிற்று: செய்ய வேண்டியதைப் பொறி தானே செய்துவிட்டு முடிவை மட்டும் அறிவித்தது. ‘கூடாது’ என்பது மறுப்பாயிற்று: தவறான கட்டளையைப் பொறி ஏற்கவில்லை. கட்டளையிடும் நடை மறைந்து, வினாவும் அறிவிப்பும் மட்டுமே எஞ்சின. விதியைப் படித்தறிந்த வாசகர் அதன் விளைவை மட்டும் காண்பவராக மாறினார்.

இம்மாற்றத்தால் பெற்றவையும் உண்டு. தடுப்பும் வாய்மொழியும் இன்றியே மறைவு கைகூடியது. எதிராளி கிடைக்காதவர் தனியே ஆட இயன்றது. கூட்டல் பிழையும் அட்டவணையைத் தவறாகப் படித்தலும் ஒழிந்தன. ஆயினும் கேள்வியே செய்தியாகும் நுட்பம் பொறியோடு ஆடியபோது அற்றுப்போயிற்று. எத்திசையில் தேடினும் அதன் உட்பொருளைப் பொறி உய்த்துணர்வதில்லை.

இந்தக் குறையைத் தயாரிப்பாளர்களும் ஓரளவு உணர்ந்திருந்தனர் போலும். ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ விளையாட்டில் ஜெர்மானியத் தரப்பை நடத்தும் நிரலுக்கு ‘ஓட்டோ ஃபான் கம்ப்யூட்டர்’ என்று பெயரிட்டனர். கப்பலுக்குப் பெயர் தந்த ஜெர்மானியத் தலைமையமைச்சர் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க்கின் பெயரை ஒட்டி எழுந்த நகை இது. மொழிபெயர்ப்பாளருக்கு இஃதொரு நல்ல சிக்கலாகும். ஒலிபெயர்த்தால் அமைச்சரை அறியாதவருக்கு நகை புலப்படாது. பொருள்பெயர்த்தால் கப்பலோடுள்ள தொடர்பு அறும்.

6. மாறாமல் கடந்தவை

அனைத்தும் உருமாறின என்பதும் பொருந்தாது. எஸ். கிரெய்க் டெய்லர் வடிவமைத்த ‘உடன் ஷிப்ஸ் அண்டு அயர்ன் மென்’ பாய்மரக் காலக் கடற்போர் பற்றியது. பேட்டில்லைன் நிறுவனம் வெளியிட்ட அதனை அவலான் ஹில் 1975இல் மறுபடியும் வெளியிட்டது. அதில் இரு தரப்பினரும் தம் கப்பலின் போக்கை ஒரே நேரத்தில் மறைவாக எழுதி, பின்னர் வெளிப்படுத்துவர். நேரே செல்லும் அறுகோணக் கட்டங்களுக்கு எண். இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்புவதற்கு ஒவ்வோர் எழுத்து. ஒரு கட்டம் சென்று, இடப்பக்கம் திரும்பி, மேலும் இரு கட்டம் செல்லுதல் மூன்று குறிகளில் அடங்கிவிடும். சொற்றொகுதி மிகச் சிறியது, தொடரமைப்பு இடமிருந்து வலம், பொருள்மயக்கம் இல்லை.

இவ்விளையாட்டால் தூண்டப்பெற்று யூனிக்ஸ் அமைப்பின் பி.எஸ்.டி. பதிப்புகளுக்கென எழுதப்பட்ட ‘செய்ல்’ என்னும் நிரல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அது வீட்டுப் பொறிக்கு உரியதன்று, 1980இல் பி.டி.பி.-11/70 என்னும் பெருந்திறன் பொறியில் தொடங்கப்பட்டது. தாளில் எழுதிய குறியீட்டை ஒத்த எண்ணும் எழுத்துமே அதில் விசைப்பலகை வழிக் கட்டளையாயின. விளையாட்டை அறிந்தவர் புதிய மொழி ஒன்றைக் கற்க வேண்டியிருக்கவில்லை.

எனவே, பலகையில் எழுத்தாக இருந்தது பொறிக்கு ஏறத்தாழ முழுமையாகக் கடந்தது. பேச்சாக இருந்தது உருமாறியது. கையும் கண்ணும் தீர்ப்பளித்த பகுதி இழக்கப்பட்டது என்று வரையறுக்கலாம். ஜேனின் முள்தட்டுக்கும் பிராட்டின் கண்மதிப்புக்கும் பதிலாக, தொடக்ககால வீட்டுப் பொறிகளில் குத்துமதிப்பாகப் பிறப்பிக்கப்பட்ட எண்ணே நின்றது.

7. உரிமை பற்றிய வினா

பெயர்த்தது எது என்னும் வினா வழக்காகவும் எழுந்தது. ‘கம்ப்யூட்டர் பிஸ்மார்க்’ தன் பலகை விளையாட்டின் கூறுகளை எடுத்தாண்டுள்ளது என்று அவலான் ஹில் நிறுவனம் எஸ்.எஸ்.ஐ. மீது சட்ட நடவடிக்கை மேற்கொண்டது. நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. ஆதலின் தெளிவான தீர்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, கருத்தையும் செயல்முறையையும் காப்பதில்லை. அவற்றை வெளிப்படுத்திய வடிவத்தையே காக்கிறது. விதிநூலின் சொற்கள் உரிமைக்குட்பட்டவை, விதி பொதுவானது. மொழிபெயர்ப்பிலோ சொல் முழுவதும் மாறியும் நூல் மூலநூலாசிரியரின் உரிமைக்குள்ளேயே அடங்குகிறது. விளையாட்டும் இலக்கியமும் இவ்விடத்தில் பிரிகின்றன.

8. முடிவுரை

1962ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்று இன்று கிடைக்குமாயின், விதிநூலைப் படிக்கத் தெரிந்த எவரும் அதனை ஆடலாம். அதனைத் தமிழில் பெயர்த்தால் தமிழறிந்தாரும் ஆடலாம். 1980ஆம் ஆண்டு ஒலிநாடாவுக்கு அத்தகுதி இல்லை. நாடா தேயும், பொறி கிடைப்பது அரிது, அப்பொறியைப் போலச் செய்யும் மென்பொருள் இருப்பினும் விதி நிரலுக்குள்ளேயே உள்ளது. பேசிக் மொழியில் எழுதப்பட்டவற்றுள் காப்புத்தடை இல்லாதவற்றையாவது ஆடுபவர் வரிவரியாகத் திரையில் எழுப்பிப் படிக்க இயன்றது. பின்வந்த பொறிமொழி நிரல்களில் அவ்வாய்ப்பும் அரிதாயிற்று.

லாரி பாண்டு 1980இல் வெளியிட்ட ‘ஹார்ப்பூன்’ வேறுவழி உண்டென்று காட்டுகிறது. தற்காலக் கடற்போர் பற்றிய அதன் அச்சு விதிநூல், 1989இல் கணிப்பொறி வடிவம் வந்த பின்னும் தொடர்ந்து பதிப்பிக்கப்பட்டது. பொறி தந்த விளைவைப் படிப்பவர் விதியோடு ஒப்பிட இயன்றது.

மென்பொருள்களைத் தமிழ்ப்படுத்தும் பணியில் ஈடுபடுவோர் இவ்வரலாற்றிலிருந்து ஒரு நடைமுறையைக் கைக்கொள்ளலாம். திரையில் தோன்றும் வினாக்களையும் அறிவிப்புகளையும் மட்டும் பெயர்ப்பது பாதிப்பணியே. அவற்றின் பின்னுள்ள ‘வேண்டும்’, ‘கூடாது’ என்பவற்றை எழுத்தில் தருமாறு தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெற்று, அவற்றையும் தமிழில் ஆவணமாக்குதல் வேண்டும். அவ்வாறு செய்யாதவிடத்துத் தமிழ்ப் பயனர் விடையளிப்பவராக மட்டுமே இருப்பார். விதியைப் படித்து வினவும் உரிமை அவருக்கு வாய்க்காது.