வீட்டுத் தொட்டியில் பவளம்: வெளிச்சமும் நீரோட்டமும்

பட்டர்வொர்த்துக்கு வடக்கே, லங்காவி செல்லும் கடல்வழியில் உள்ள பாயார் தீவு பவளங்களுக்குப் பெயர் பெற்றது. பவளம் கல்லோ செடியோ அல்ல, ஓர் உயிரினம். அதன் உடலில் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து அதற்குத் தருகின்றன.

வெளிச்சம் குறைந்தால் பல பவளங்கள் தட்டையாகப் படரும். திடீரெனக் கூடினால் பாசியை இழந்து வெளுத்துப்போகும். நீரோட்டம் பிராணவாயுவையும் இரையையும் கொண்டுவந்து கழிவை அகற்றுகிறது. ஓட்டம் வலுத்தால் கிளைகள் குட்டையாகத் தடிக்கும். தணிந்தால் மெலிந்து நீளும்.

ஆகவே வெளிச்சம் அதிகம் வேண்டும் பவளத்தையும் முதலில் தொட்டியின் அடியில் வைத்து, சில வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றுங்கள். பம்பு நீர் அதன்மீது நேராகப் பாயக்கூடாது. நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கட்டும்.

பாயார் தீவு கடல் பூங்காவில் பவளத்தைப் பெயர்ப்பது குற்றம். தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே வாங்குங்கள்.