கூரத்தாழ்வானும் நினைவின் மாற்றமும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் அறியப்படும் ஊர். இவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு அச்செப்பேடு மானியம் ஒதுக்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கு பிறந்த கூரத்தாழ்வான், வைணவ மரபில் நினைவாற்றலுக்குப் பெயர் பெற்றவர்.

போதாயன விருத்தி

பிரம்ம சூத்திரத்துக்குப் போதாயனர் எழுதிய உரையைத் தேடி, இராமானுசர் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் சென்றார் என்கிறது குருபரம்பரை மரபு. கிடைத்த சுவடி வழியிலேயே பறிக்கப்பட்டது. அதற்குள் இரவுகளில் அதைப் படித்து முடித்திருந்த கூரத்தாழ்வான், முழுவதையும் நினைவிலிருந்து சொன்னார். பின்னர் இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்ல, அவர் எழுதினார். உடன்பாடில்லாத இடம் வந்தபோது எழுதுவதை நிறுத்தினார் என்பதும் மரபுச் செய்தி.

போதாயன விருத்தி இன்று நூலாகக் கிடைக்கவில்லை, மேற்கோள்களாகவே எஞ்சியுள்ளது. எனவே நினைவிலிருந்து சொன்னது மூலத்தோடு எவ்வளவு ஒத்திருந்தது என்று ஒப்பிட வழியில்லை.

நினைவைப் பற்றிய ஆய்வுகள்

புதிய நினைவு நிலைபெறச் சிறிது காலம் தேவை என்று ஜெர்மனியின் முல்லரும் பில்செக்கரும் 1900இல் கூறினர். ஒரே கதையைப் பலமுறை நினைவுகூரச் செய்த கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட், கதை சுருங்குவதையும் சொல்பவருக்குப் பழகிய வடிவத்துக்கு மாறுவதையும் 1932இல் வெளியிட்டார்.

மூளையில் நடப்பதை, 2000இல் கரீம் நாதர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளிடம் ஆராய்ந்தனர். ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சி கொடுத்து எலிகளுக்கு அச்சத்தைப் பழக்கினர். மறுநாள் ஒலியை மட்டும் எழுப்பி அந்நினைவைத் தூண்டியவுடன், புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்தை மூளையின் அமிக்டலா பகுதியில் செலுத்தினர். எலிகளின் அச்சம் பெரிதும் குறைந்தது. நினைவைத் தூண்டாமல் மருந்து மட்டும் கொடுத்தபோது அச்சம் குறையவில்லை. நினைவுகூரப்பட்ட நினைவு சிறிது நேரம் நெகிழ்ந்து, மீண்டும் நிலைபெற வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள். இது மறுநிலைப்படுத்தல் எனப்படுகிறது. எல்லா நினைவுகளும் இவ்வாறு மாறுவதில்லை; திரும்பத் திரும்ப நினைவுகூர்தல் நினைவை வலுப்படுத்தவும் செய்யும்.

வாய்மொழி மரபின் காப்பு

நினைவு மாறக்கூடியது என்பதை வாய்மொழி மரபுகள் நடைமுறையில் அறிந்திருந்தன. வேதத்தைப் பதம், கிரமம், ஜடை, கனம் எனச் சொற்களை மாற்றிக் கோத்து ஓதுவர். திவ்வியப் பிரபந்தத்தைக் கோயில்களில் கோஷ்டியாகச் சேவிப்பர். ஒருவர் தவறினால் உடனிருப்பவர் குரல் திருத்தும். கூரத்தாழ்வான் சுமந்த நூலுக்கு அத்தகைய துணை இல்லை. ஒருவர் நினைவே ஏடாக இருந்தது.