மூன்று சென்டிமீட்டர்

தாம்பரம் – கடற்கரை மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் என் மாணவர்களை அந்த வண்டியில்தான் பார்க் நிலையத்துக்கு அழைத்துப் போவேன். இறங்கி நடந்தால் பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கம். 1993இல் எழுந்த அரங்கம் அது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைக் கண்டது.

2022 ஜூன் 10 முதல் 14 வரை தேசிய மாநிலங்களுக்கிடையிலான தடகளப் போட்டி அங்கே நடந்தது. பர்மிங்காம் காமன்வெல்த் அணிக்கான தேர்வும் அதுவே. இத்தகைய தேர்வில் தங்கம் வென்றால் மட்டும் போதாது. தடகளச் சம்மேளனம் வகுத்த தகுதி அளவையும் எட்டியாக வேண்டும்.

மும்முறைத் தாண்டலை அருகிலிருந்து பாருங்கள். மிதிபலகையின் விளிம்பைக் கால்நுனி கடந்தால் சிவப்புக் கொடி. தாண்டியது எவ்வளவு தூரமானாலும் கணக்கில் சேராது. பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரை மீறினால் சாதனைப் பட்டியலிலும் இடமில்லை.

பர்மிங்காமில் எல்தோஸ் பால் 17.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்; அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டருடன் வெள்ளி. நம் மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை பிரவீண் சித்ரவேல் 16.89 மீட்டருடன் நான்காமிடம். வெண்கலம் போனது 3 சென்டிமீட்டரில். மறு ஆண்டே ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார்.

பிள்ளைகளுக்குப் பதக்கக் கதைகளோடு இந்த அளவுகளையும் சொல்லிக்கொடுங்கள். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை நோக்கிப் பழக முடியும்.