ஸ்டார் வார்ஸ்: த ஃபேண்டம் மெனஸ்

'ஸ்டார் வார்ஸ்: எபிசோட் 1 – த ஃபேண்டம் மெனஸ்' 1999 மே 19 அன்று அமெரிக்காவில் வெளியான அறிவியல் புனைவுத் திரைப்படம். எழுதி இயக்கியவர் ஜார்ஜ் லூகாஸ். தயாரிப்பு ரிக் மெக்கல்லம். இசை ஜான் வில்லியம்ஸ். ஸ்டார் வார்ஸ் தொடரில் வெளிவந்த வரிசைப்படி இது நான்காவது படம், கதை வரிசைப்படி முதலாவது. 1977 முதல் 1983 வரை வந்த மூன்று படங்களின் கறுப்புக் கவச வில்லன் டார்த் வேடர், அனகின் ஸ்கைவாக்கர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த காலத்தில் கதை நடக்கிறது. வசூலை அள்ளிய படம். ஆனாலும் பெரிய ஏமாற்றம் என்றால் ரசிகர்கள் முதலில் சுட்டிக்காட்டுவதும் இதையே. இன்று திரும்பப் பார்த்தால், அன்றைய குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை நியாயமாகவே தெரிகின்றன. அவற்றுக்கிடையே கவனிக்கப்படாமல் போன ஒன்றும் தெரிகிறது.

பின்னணி

முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்குப் பிறகு 22 ஆண்டுகள் லூகாஸ் எந்தப் படத்தையும் இயக்கவில்லை. இடையில் வந்த இரண்டு ஸ்டார் வார்ஸ் படங்களையும் வேறு இயக்குநர்களே எடுத்தனர். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்துக்காக அவருடைய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கிய கணினி டைனோசர்களைக் கண்ட பிறகே, தன் மனத்திலிருந்த உலகத்தைத் திரையில் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. செலவு சுமார் 11.5 கோடி டாலர். முழுக்க லூகாஸின் சொந்தப் பணம். கேள்வி கேட்க ஸ்டூடியோ முதலாளி யாரும் இல்லை. அது அவருக்குச் சுதந்திரம், படத்துக்கு ஆபத்து.

1997-இல் இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் அரங்கங்களிலும், துனிசியப் பாலைவனத்திலும், இத்தாலியின் கசெர்த்தா அரண்மனையிலும் படப்பிடிப்பு நடந்தது. 1998 நவம்பரில் முன்னோட்டம் வந்தபோது, அதற்காகவே வேறு படத்துக்கு டிக்கெட் வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. வெளியீட்டுக்கு முன்பு லாஸ் ஏஞ்சலஸ் திரையரங்கு வாசலில் ரசிகர்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தனர். இத்தனை ஆவலை எந்தப் படமும் தாங்கியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லியே இந்தப் படத்தின் குறைகளை மூடிவிட முடியாது.

கதையும் அதன் சிக்கலும்

வணிகப் பாதைகளுக்கு வரி விதிப்பதை எதிர்த்து, வணிகக் கூட்டமைப்பு நபூ என்ற சிறு கோளை முற்றுகையிடுகிறது. சமரசம் பேச வந்த ஜெடாய் வீரர்கள் குவாய்-கான் ஜின் (லியம் நீசன்), ஓபி-வான் கெனோபி (யூவன் மெக்ரெகர்) இருவரும் இளம் அரசி அமிடாலாவை (நடாலி போர்ட்மேன்) மீட்டுச் செல்கிறார்கள். பழுதான கப்பலோடு டாட்டூயின் கோளில் சிக்கும்போது அடிமைச் சிறுவன் அனகினைச் (ஜேக் லாய்ட்) சந்திக்கிறார்கள். பந்தயத்தில் வென்று அவன் விடுதலை பெறுகிறான். குடியரசின் தலைநகரில் ஆட்சி மாறுகிறது. நபூவில் போர் நடக்கிறது, குவாய்-கான் கொல்லப்படுகிறார்.

இதில் கதாநாயகன் யார்? அனகின் அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறான். பிறகும் நிகழ்ச்சிகள் அவனை இழுத்துச் செல்கின்றனவே தவிர, அவன் அவற்றை நடத்துவதில்லை. அவனுக்குக் குருவாகப் போகும் ஓபி-வான், டாட்டூயின் பகுதி முழுவதும் கப்பலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இருவரும் நெருங்குவதற்கு ஒரு காட்சிகூட இல்லை. அடுத்த இரண்டு படங்களும் நம்பியிருக்கும் உறவுக்கு இங்கே விதையே போடவில்லை. இறுதிப் பகுதியில் நான்கு மோதல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன; மரணத்தின் துக்கத்துக்கும் கோமாளித்தனத்துக்கும் இடையே படத்தொகுப்பு தாவுகிறது. முதற்கட்டத் தொகுப்பைப் பார்த்த லூகாஸ், சில இடங்களில் அளவு மீறிவிட்டதாகத் தாமே ஒப்புக்கொள்வது, டிவிடியில் வந்த ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளது.

வரவேற்பு

முதல் வெளியீட்டில் சுமார் 92.4 கோடி டாலர் வசூலித்து, அன்றைக்கு 'டைட்டானிக்'குக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. 2012-இல் முப்பரிமாண வடிவில் மீண்டும் வந்தபோது 100 கோடியைத் தாண்டியது. விமர்சகர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். ரசிகர்களின் கோபம் இரண்டின் மேல் குவிந்தது. ஒன்று, 'ஃபோர்ஸ்' என்ற ஆன்மிக ஆற்றலை 'மிடிக்ளோரியன்' என்ற நுண்ணுயிர்களோடு இணைத்து, இரத்தப் பரிசோதனையில் அளக்கும் விஷயமாக்கியது. மற்றொன்று, ஜார் ஜார் பிங்ஸ் என்ற கோமாளிப் பாத்திரம். இந்தப் பாத்திரத்தின் பேச்சும் நடையும் கறுப்பினத்தவரைக் கேலி செய்வதாகவும், வணிகக் கூட்டமைப்பினரும் அனகினின் எஜமானன் வாட்டோவும் ஆசிய, யூதக் கேலிச்சித்திரங்களாக இருப்பதாகவும் எழுந்த கண்டனம் இன்றும் ஓயவில்லை. ஓய வேண்டியதும் இல்லை. மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளிலும் 'த மேட்ரிக்ஸ்' படத்திடம் தோற்றது. படத்திலிருந்து சுமார் 20 நிமிடங்களை வெட்டி ரசிகர் ஒருவர் செய்த தொகுப்பு, வீடியோ நாடாக்களில் கைமாறிச் சுற்றியது.

மறுபார்வை

மறுபடி பார்க்கும்போது கண்ணில் படுவது பால்பட்டீன் (இயன் மெக்டியார்மிட்). நபூவின் செனட்டரான அவரே முகத்தை மறைத்துக்கொண்டு நபூவை முற்றுகையிடச் சொல்கிறார். பிறகு, தவிக்கும் அரசியிடம் பரிவோடு பேசி, ஆட்சித் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரச் செய்கிறார். அரசி கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தன் மக்களைக் காக்கவே செய்கிறாள். பால்பட்டீன் பதவியைப் பிடிக்கிறார். போரில் நல்லவர்கள் வென்றாலும், அவர் இழப்பது ஏதுமில்லை. கடைசி ஊர்வலத்தில் ஒலிக்கும் கொண்டாட்ட இசையும், பழைய படங்களில் பேரரசராக வரும் பால்பட்டீனுக்கு வில்லியம்ஸ் அமைத்த இருண்ட மெட்டையே உற்சாகமாக மாற்றியமைத்ததுதான். சட்டப்படி, கைதட்டலோடு ஒரு சர்வாதிகாரி உருவாகும் இந்தக் கதை கூர்மையானது. ஆனால் லூகாஸ் இதை உயிரில்லாத வசனங்களில் ஆசனத்துக்கு ஆசனம் பேசவைத்துவிட்டார். 1999-இல் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்கள் கொட்டாவி விட்டதற்குக் காரணம் அரசியல் அல்ல, அது சொல்லப்பட்ட விதம்.

எல்லாமே கணினி வேலை என்ற பழியும் முழு உண்மையல்ல. பந்தய மைதானத்தின் கூட்டம் பெரும்பாலும் வண்ணம் பூசிய பஞ்சுக் குச்சிகள். நபூ அருவிகளில் விழுந்தது உப்பு. இரட்டை முனை ஒளிவாளோடு வில்லன் டார்த் மால் (ரே பார்க்) நடத்தும் இறுதிச் சண்டைக்குப் பின்னணியில் சேர்ந்திசைக் குழு பாடுவது சமஸ்கிருதத்தில். பழைய வெல்ஷ் கவிதை ஒன்றின் ஆங்கில வடிவிலிருந்து பெயர்த்த சொற்களை ஓசைக்காக வில்லியம்ஸ் பயன்படுத்தினார். இந்தச் சண்டையையும் பந்தயத்தையும் குறைசொல்ல அன்றும் ஆளில்லை.

காலப்போக்கில் படத்தின் மதிப்பு சற்று உயர்ந்தது. அதில் பிற்காலப் படைப்புகளுக்கும் பங்குண்டு. 2008-இல் தொடங்கிய 'த க்ளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடர் அனகினுக்கும் ஓபி-வானுக்கும் நட்பைக் கொடுத்தது, இறந்த டார்த் மாலையும் உயிர்ப்பித்தது. குவாய்-கானின் சாவோடு அனகின் ஒரு தந்தையை இழந்தான் என்று அத்தொடரின் இயக்குநர் டேவ் ஃபிலோனி 2020-இல் தந்த விளக்கம் ரசிகர்களிடம் பரவலாகப் பேசப்பட்டது. அழகான விளக்கம். ஆனால் அது படத்தில் இருப்பதைவிட ஃபிலோனியின் கற்பனையில்தான் அதிகம். 1999-இல் சிறுவர்களாக இதைப் பார்த்தவர்கள் வளர்ந்து பேசத் தொடங்கியதும் இன்னொரு காரணம்.

தூற்றலின் சுமை நடிகர்கள்மீது விழுந்தது. ஜேக் லாய்ட் சில ஆண்டுகளில் நடிப்பை விட்டார். ஜார் ஜாராகப் படப்பிடிப்புத் தளத்தில் உடையணிந்து நடித்த அகமது பெஸ்ட், தற்கொலையை எண்ணும் அளவுக்கு அந்த வசைகள் தன்னைத் தள்ளியதாக 2018-இல் வெளிப்படுத்தினார். 2023-இல் 'த மாண்டலோரியன்' தொடரில் குழந்தையைக் காக்கும் ஜெடாய் வீரராகத் திரும்பினார். இந்த முறை ரசிகர்கள் வரவேற்றார்கள்.

2024 மே மாதம், 25-ஆம் ஆண்டையொட்டி படம் திரையரங்குகளுக்கு மறுபடி வந்தது. ஆனால் அன்று பார்த்த அதே படமல்ல: 1999-இல் கைப்பாவையாக இருந்த ஜெடாய் குரு யோடா, 2011-இன் ப்ளூ-ரே பதிப்பிலிருந்து கணினி உருவமாக மாற்றப்பட்டுவிட்டார்.