ஓ-ரிங் (சிறு விமானங்கள்)

சிறு விமானங்களின் எரிபொருள், பிரேக் அமைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். எந்தத் திரவத்தில் நனைகிறதோ அதற்கேற்ற ரப்பரே வேண்டும். கறுப்பு வளையங்களைக் கண்ணால் பார்த்து வகை பிரிக்க முடியாது. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களின் பிரேக்கில் இருப்பது 5606 என்ற சிவப்புக் கனிம எண்ணெய். அதற்கு நைட்ரைல் ரப்பர் பொருந்தும். கார் பிரேக் திரவத்துக்கு உகந்த இ.பி.டி.எம். ரப்பரோ இந்த எண்ணெயில் ஊதிப் பருத்து, பிஸ்டனை இறுக்கிவிடும். கார் திரவத்தை விமானத்தில் ஊற்றினால் நைட்ரைல் கெடும். இந்த இரு திரவங்களையும் அவற்றுக்கான ரப்பர்களையும் மாற்றிக் குழப்புவது மிக ஆபத்தானது.

100எல்எல் என்ற விமானப் பெட்ரோலையும் நைட்ரைல் தாங்கும். அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுந்த எரிபொருளுக்கு வைட்டான் என்ற ரப்பர் மேலானது. ஆனால் அதன் சாதாரண வகை சுமார் −20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துப்போகும். ஃபுளோரோசிலிக்கோன் ரப்பர் கடுங்குளிரிலும் நெகிழும்; எளிதில் கிழிவதால் அசையும் பாகங்களுக்கு ஆகாது. தயாரிப்பாளரின் பாக எண்ணைச் சரிபார்க்காமல் எந்த வளையத்தையும் மாட்டக் கூடாது.